ஒட்டிய விலை ஒன்று, கேட்கும் விலை ஒன்று: அமெரிக்க டீலர்கள் கார்களைக் கூடுதல் விலைக்கு விற்க முடிந்தது எப்படி?

2022 ஜனவரியில் அமெரிக்காவில் புதிய கார் வாங்கியவர்களில் நூற்றுக்கு 82 பேர், கண்ணாடியில் ஒட்டியிருந்த விலையைவிட அதிகம் கொடுத்தார்கள் என்று எட்மண்ட்ஸ் என்னும் கார் சந்தைத் தகவல் நிறுவனம் கணக்கிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே மாதத்தில் அப்படிக் கொடுத்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர்தான். அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் புகார் கொடுக்கலாம் என்று பழகிய நமக்கு முதலில் எழும் கேள்வி, இது எப்படிச் சட்டப்படி நடக்கிறது என்பது. அடுத்த கேள்வி, அந்தக் கூடுதல் பணம் யாருடைய பைக்குப் போனது என்பது. இரண்டாவது கேள்விக்கான விடை, டீலர்களைத் திட்டித் தீர்த்தவர்கள் நினைத்ததைவிடச் சற்றுச் சிக்கலானது.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாள்

அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கும். 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதைக் கட்டாயமாக்கியது. சட்டத்தைக் கொண்டுவந்த ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனியின் பெயரால் அது ‘மன்ரோனி ஸ்டிக்கர்’ என்று அழைக்கப்படுகிறது. அடிப்படை விலை, கூடுதல் வசதிகள் ஒவ்வொன்றின் விலை, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் கட்டணம், எல்லாம் சேர்த்த மொத்தம் ஆகியவை அதில் இருக்கும். எரிபொருள் சிக்கனமும் பாதுகாப்புச் சோதனை நட்சத்திரங்களும் பிற்காலத்தில் சேர்ந்தவை. வாங்குபவர் கைக்கு வண்டி போய்ச் சேரும்வரை இந்தத் தாளைக் கிழிப்பதும் திருத்துவதும் குற்றம்.

இந்தச் சட்டம் பிறந்ததற்கே பழைய தட்டுப்பாடு ஒன்று பின்னணியாக இருந்தது. 1942 பிப்ரவரியில் போருக்காக நிறுத்தப்பட்ட கார் உற்பத்தி 1945இல்தான் திரும்பத் தொடங்கியது. மூன்றாண்டுப் பசியோடு காத்திருந்த நாட்டுக்குக் கார்கள் போதவில்லை. கேட்காத உதிரி அலங்காரங்களை வாங்கினால்தான் வண்டி என்று டீலர்கள் நிபந்தனை போட்டார்கள். 1950களில் தட்டுப்பாடு தீர்ந்து கார்கள் குவிந்தபோது தந்திரம் தலைகீழானது. விலையை முதலில் ஊதிப் பெரிதாக்கிவிட்டு, பிறகு பெரிய தள்ளுபடி தருவதுபோல் காட்டினார்கள். எது உண்மை விலை என்று யாருக்கும் தெரியாத அந்த நிலைக்குத்தான் மன்ரோனி முடிவுகட்ட நினைத்தார்.

அவர் கட்டாயமாக்கியது விலையைத் தெரிவிப்பதை மட்டுமே. அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஒரு காருக்குக் குறைந்தது மூன்று விலைகள் உண்டு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்:

1. இன்வாய்ஸ் விலை: உற்பத்தி நிறுவனம் டீலருக்கு எழுதும் பில். வண்டி விற்றபின் இதிலிருந்து ஒரு சிறு பகுதியை நிறுவனம் டீலருக்குத் திருப்பித் தருவதும் வழக்கம். ஆகவே ‘இன்வாய்ஸ் விலைக்கே தருகிறேன், எனக்கு லாபமே இல்லை’ என்று டீலர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

2. ஸ்டிக்கர் விலை: உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் சில்லறை விலை. அமெரிக்கர்கள் எம்.எஸ்.ஆர்.பி. என்பார்கள். இது பரிந்துரை மட்டுமே, நம் எம்.ஆர்.பி. போன்ற உச்சவரம்பு அல்ல.

3. பேசி முடித்த விலை: வாங்குபவர் உண்மையில் கையெழுத்திடும் தொகை.

சாதாரணக் காலத்தில் மூன்றாவது விலை இரண்டாவதற்குக் கீழே இருக்கும். 2020 ஜனவரியில் சராசரி அமெரிக்கர் ஸ்டிக்கர் விலையைவிட 2,648 டாலர் குறைவாகக் கொடுத்தார். பேரம் பேசிக் குறைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தே வைத்த விலைதான் ஸ்டிக்கர் விலை. அதை நியாய விலை என்று யாரும் நினைத்ததில்லை, 2021வரை.

கார் நிறுவனம் ஏன் தடுக்கவில்லை?

டீலர் என்பவர் கார் நிறுவனத்தின் கிளை மேலாளர் அல்ல, தனி வியாபாரி. வண்டி அவருடைய இடத்துக்கு வரும்போதே அவர் அதை வாங்கிவிட்டார். பெரும்பாலும் கடன் வாங்கி, அதற்கு வட்டியும் கட்டிக்கொண்டிருக்கிறார். தன் சரக்குக்கு என்ன விலை வைப்பது என்பது அவர் உரிமை.

இந்த உரிமைக்குக் காவலாக நிற்பவை மாநிலச் சட்டங்கள். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் டீலர்களைப் பாதுகாக்கும் சட்டங்கள் இருக்கின்றன. டீலர் வைத்திருக்கும் நிறுவனம் அவரைத் தாண்டிப் பொதுமக்களுக்கு நேரடியாகக் கார் விற்க முடியாதபடி பெரும்பாலான மாநிலங்கள் தடுக்கின்றன. டீலருக்குத் தந்த விற்பனை உரிமத்தை நிறுவனம் ரத்து செய்வதும் லேசில் முடியாது. இவ்வளவு பாதுகாப்பு எதற்கு என்று கேட்டால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1920-21 பொருளாதார மந்தத்தில் ஹென்றி ஃபோர்டு, விற்காத கார்களை டீலர்களின் தலையில் கட்டி ரொக்கம் கேட்டார். உள்ளூர் வங்கிகளில் கடன் வாங்கிக் கட்டுவது, இல்லையென்றால் உரிமத்தை இழப்பது என்ற நிலை டீலர்களுக்கு வந்தது. இதுபோன்ற அனுபவங்கள் சேர்ந்து, பெரிய நிறுவனத்திடமிருந்து சிறிய வியாபாரியைக் காக்க எழுந்த சட்டங்கள்தான் இவை. நூறாண்டில் அந்தச் சிறிய வியாபாரிகள் பலர் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரும் குழுமங்களாகிவிட்டார்கள். சட்டம் அப்படியே இருக்கிறது.

மறுவிற்பனை விலையை உற்பத்தியாளர் கட்டுப்படுத்துவதைப் போட்டிச் சட்டமும் நெடுங்காலம் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. அதிகபட்ச விலை வைப்பது தன்னளவிலேயே குற்றமாகாது என்று 1997இல்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியும், மாநில டீலர் சட்டங்களைத் தாண்டி விலைக்குக் கடிவாளம் போட நிறுவனங்கள் துணியவில்லை. அவற்றின் கையில் மிஞ்சியது ஒரே ஆயுதம், ஒதுக்கீடு. எந்த டீலருக்கு எத்தனை வண்டி அனுப்புவது என்பது நிறுவனத்தின் முடிவு. 2022 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் டீலர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பின. ஃபோர்டின் தலைமைச் செயல் அதிகாரி ஜிம் ஃபார்லி, பத்தில் ஒரு டீலர் கூடுதல் விலை வாங்குகிறார், அவர்கள் யார் என்று தெரியும், அடுத்த ஒதுக்கீட்டில் அது தெரியவரும் என்ற பொருளில் பேசினார். எட்மண்ட்ஸின் 82 சதவீதத்தையும் ஃபார்லியின் பத்து சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிறுவனங்கள் எவ்வளவு தூரம் கண்ணை மூடிக்கொள்ளத் தயாராக இருந்தன என்பது புரியும்.

தட்டுப்பாடு எப்படி வந்தது?

பெருந்தொற்று தொடங்கிய 2020 வசந்தத்தில் கார் ஆலைகள் ஏறத்தாழ இரண்டு மாதம் மூடிக் கிடந்தன. இனி யார் கார் வாங்கப்போகிறார்கள் என்று நினைத்த நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய உலகத்துக்கு மடிக்கணினியும் விளையாட்டுக் கருவியும் தேவைப்பட, சிப் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பின. சில மாதங்களிலேயே கார் தேவை திரும்பி வந்தபோது, கார் நிறுவனங்கள் வரிசையின் கடைசியில் நின்றன. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனிப்புயலில் ஆஸ்டின் நகர சிப் ஆலைகள் மின்சாரமின்றி நின்றன. மார்ச்சில் ஜப்பானில் ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீப்பிடித்தது. அந்தக் கோடையில், சிப்புகளைச் சோதித்துப் பொதியும் மலேசிய ஆலைகளைக் கொரோனா முடக்கியது.

காருக்குத் தேவையான சிப் பெரும்பாலும் பழைய தொழில்நுட்பத்தில் செய்யும் மலிவான சரக்கு. ஜன்னலை ஏற்றி இறக்கவும் இருக்கையைச் சூடாக்கவும் அது போதும். ஆனால் ஒன்று குறைந்தாலும் வண்டி முழுமையாகாது. கென்டக்கியில் ஃபோர்டு தன் கனரக பிக்கப் டிரக்குகளைச் சிப்புக்காகக் காத்திருக்கும்படி ஒரு பந்தயத் திடலில் வரிசையாக நிறுத்தி வைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் சூடாகும் இருக்கை வசதி இல்லாமலேயே சில மாடல்களை அனுப்பியது.

இங்கே அதிகம் பேசப்படாத ஒரு முடிவு எடுக்கப்பட்டது. கிடைத்த கொஞ்சம் சிப்புகளை நிறுவனங்கள் சிறிய கார்களில் பொருத்தவில்லை. லாபம் கொழிக்கும் டிரக்குகளுக்கும் எஸ்.யூ.வி.க்களுக்கும் ஒதுக்கின. பெருந்தொற்றுக்கு முன் நாடு முழுவதும் டீலர்களிடம் 35 லட்சத்துக்கு மேல் வண்டிகள் நிற்கும். 2021 இலையுதிர் காலத்தில் அது பத்து லட்சத்துக்கும் கீழே போனது. அதிலும் மலிவான வண்டி அரிது.

உண்மையில் யாருக்கு எவ்வளவு?

2019 இறுதியில் ஒரு புதிய காரின் சராசரி விற்பனை விலை சுமார் 39,000 டாலர். 2021 இறுதியில் சுமார் 47,000. உயர்வு 8,000 டாலர். எல்லோரும் கோபப்பட்ட ‘ஸ்டிக்கருக்கு மேல்’ தொகை 2022 ஜனவரியில் சராசரியாக 728 டாலர்தான். 8,000இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மீதி எங்கே போனது? ஸ்டிக்கருக்குக் கீழே கிடைத்துவந்த 2,648 டாலர் காணாமல் போனது முதல் பங்கு. இதில் டீலர் விட்டுக்கொடுத்ததும் உண்டு, நிறுவனமே தந்துவந்த ஊக்கத் தள்ளுபடியும் உண்டு. இந்தத் தள்ளுபடியையும் 728ஐயும் சேர்த்தால் 3,400 டாலருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். எஞ்சிய பாதிக்கும் மேற்பட்ட தொகை, நிறுவனங்களே ஸ்டிக்கரில் ஏற்றிய விலையும், மலிவு மாடல்கள் மறைந்து விலையுயர்ந்தவை மட்டும் விற்றதும்தான். வெவ்வேறு நிறுவனங்களின் கணக்கைச் சேர்த்துப் போட்ட தோராயம் இது. ஆனாலும் அளவுகள் மாறிவிடப் போவதில்லை. தாளில் அச்சிட்டு ஏற்றிய விலைக்கு யாரும் போராடவில்லை. பேனாவால் எழுதிச் சேர்த்த 728 டாலருக்குத்தான் நாடே கொதித்தது.

டீலர்கள் பாவம் என்று இதற்குப் பொருள் அல்ல. அமெரிக்காவின் மிகப் பெரிய டீலர் குழுமங்களில் ஒன்றான ஆட்டோநேஷன் 2019இல் 45 கோடி டாலர் நிகர லாபம் ஈட்டியது. 2021இல் சுமார் 140 கோடி. சராசரி என்பதும் பலவற்றை மறைக்கும். கியா டெலுரைட், ஃபோர்டு பிராங்கோ போன்ற கிராக்கி மாடல்களுக்கு ஆயிரக்கணக்கிலும், மின்சார பிக்கப்பான ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்குக்குச் சில இடங்களில் பல்லாயிரக்கணக்கிலும் கூடுதலாகக் கேட்டார்கள்.

டீலர் இல்லாமல் நேரடியாக விற்ற டெஸ்லா என்ன செய்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். 2021 தொடக்கத்தில் சுமார் 37,000 டாலராக இருந்த அடிப்படை மாடல் 3இன் விலை, 2022இல் சுமார் 47,000 ஆனது. ஸ்டிக்கருக்கு மேல் ஒரு டாலர் வாங்கவில்லை, ஸ்டிக்கரையே மாற்றிக்கொண்டது. 2023 ஜனவரியில் மாடல் ஒய் லாங் ரேஞ்சின் விலையை ஒரே நாளில் 13,000 டாலர் குறைத்தபோது, அதற்கு முந்தைய வாரம் வாங்கியவர்கள் வயிறு எரிந்தார்கள். தட்டுப்பாடு வந்தால் யாரோ ஒருவர் அந்த வித்தியாசத்தை எடுத்துக்கொள்வார். உற்பத்தியாளரும் டீலரும் எடுக்காவிட்டால், ஸ்டிக்கர் விலைக்கு வாங்கி மறுநாளே விற்கும் இடைத்தரகர் எடுப்பார். லைட்னிங் வாங்குபவர் ஓராண்டுக்குள் மறுவிற்பனை செய்யக் கூடாது என்று எழுதி வாங்க ஃபோர்டு டீலர்களை அனுமதித்தது இதற்குத்தான். ஓரிரண்டு ஆண்டு ஓடிய பழைய கார் சில, புதியதைவிட அதிக விலைக்குப் போன காலம் அது.

முகூர்த்த நாளில் மதுரை மல்லிக்கு இரண்டு மடங்கு விலை கேட்டால் பூக்காரரைக் கொள்ளைக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் பூவுக்குக் கொடுத்த கூடுதல் பணம் அன்றோடு போயிற்று. காருக்குக் கொடுத்தது ஆறு ஆண்டு வட்டியோடு தொடர்கிறது. அதற்கு வரும் முன், பணம் எந்த உருவத்தில் வசூலானது என்பதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தாள்

மன்ரோனி ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், அதே அளவில், அதே மாதிரி எழுத்துருவில் இன்னொரு தாள் ஒட்டியிருக்கும். அவசரத்தில் பார்ப்பவருக்கு இரண்டும் நிறுவனம் ஒட்டியவைபோலவே தெரியும். இரண்டாவது தாள் டீலர் அச்சடித்தது. அதில் வரும் வரிகள் மூன்று வகை:

1. ‘மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்’: எந்தப் பொருளும் எந்தச் சேவையும் இல்லாத, வெறும் கூடுதல் விலை. நேர்மையானது என்றால் இதுதான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிறது. மறுத்துவிட்டு அடுத்த டீலரிடம் போகலாம்.

2. திணிக்கப்படும் பொருள்கள்: டயரில் நைட்ரஜன், பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, கதவு ஓரப் பட்டை, கண்ணாடியில் வண்டி எண்ணைப் பொறிப்பது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. அதற்கு நூறு, இருநூறு டாலர் என்று தனி வரி. ‘ஏற்கெனவே பொருத்திவிட்டோம், கழற்ற முடியாது’ என்பது வழக்கமான பதில். 1946இல் கேட்காத அலங்காரங்களைத் திணித்த அதே உத்தி.

3. கடைசி அறையில் சேர்வது: விலை பேசி முடித்து, களைத்துப்போய்க் கையெழுத்திட உட்காரும் கடன் பிரிவு அறையில் நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம், காப்பீடு, ஆவணக் கட்டணம் என்று வருபவை. அங்கே மொத்த விலையைப் பற்றிய பேச்சே இருக்காது. ‘மாதம் இன்னும் 30 டாலர்தான்’ என்ற கணக்கில் எல்லாம் நடக்கும்.

விளம்பரத்தில் ஸ்டிக்கர் விலை, நேரில் போனால் இரண்டாவது தாள் என்பதுதான் உண்மையான ஏமாற்று. நூறு மைல் ஓட்டிப் போனவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார் என்று விற்பவருக்குத் தெரியும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கிளம்பும் முன்பே வரி, கட்டணம் எல்லாம் சேர்த்த கடைசித் தொகையை மின்னஞ்சலில் எழுத்தாகக் கேட்டு வாங்கினார்கள்.

728 டாலரோ 5,000 டாலரோ, கடனில் போனால்

ஓர் உதாரணம். ஸ்டிக்கர் விலை 40,000 டாலர். கூடுதல் விலை 5,000. திணித்த பொருள்கள் 1,995. இந்த 6,995க்கும் விற்பனை வரி உண்டு. 7 சதவீதம் என்று வைத்தால் 7,485 டாலர் ஆகிறது. 72 மாதம், 6 சதவீத வட்டிக் கடனில் இது மாதத்துக்கு 124 டாலர். கட்டி முடிக்கும்போது சுமார் 8,930 டாலர். இவ்வளவுக்கும் வண்டி அதே 40,000 டாலர் வண்டிதான்.

முதல் ஆண்டிலேயே வண்டி விபத்தில் முற்றாக நொறுங்கினால், காப்பீட்டு நிறுவனம் அன்றைய சந்தை மதிப்பைத்தான் தரும். டீலருக்குக் கொடுத்த கூடுதல் பணம் அந்த மதிப்பில் இருக்கும் என்ற உறுதி இல்லை. சந்தை இறங்கியிருந்தால் நிச்சயம் இருக்காது. கடன் பாக்கி மட்டும் நிற்கும். நொறுங்காவிட்டாலும் சிக்கல் இருக்கிறது. 2023இலிருந்து கையிருப்பு பெருகி, விலைகள் இறங்கின. 2021-22 உச்சத்தில் வாங்கியவர்கள் வண்டியை மாற்றப் போனபோது, வண்டியின் மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகமாக இருப்பது தெரிந்தது. 2024 இறுதியில் புதிய காருக்காக மாற்றிக் கொடுக்கப்பட்ட வண்டிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இந்த நிலையில் இருந்தது. சராசரிப் பற்றாக்குறை 6,000 டாலருக்கும் மேல். பலர் அந்தப் பாக்கியையும் அடுத்த காரின் கடனில் சேர்த்துக்கொண்டார்கள். இதற்கிடையே 2023இல் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம் பூஜ்யத்தின் அருகிலிருந்து 5 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

அதிகம் அடிபட்டவர்கள் காத்திருக்க முடியாதவர்கள். பஸ் வசதி இல்லாத ஊரில் வண்டி கெட்டுப்போனால் அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போக ஒரு கார் வேண்டும். ஆறு மாதம் கழித்து ஆர்டர் வந்தால் போதும் என்று சொல்ல முடிந்தவர்கள் ஸ்டிக்கர் விலைக்கே வாங்கினார்கள்.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது?

அவசரகாலக் கொள்ளை விலையைத் தடுக்கும் மாநிலச் சட்டங்கள் பொதுவாக உணவு, எரிபொருள், மருந்து போன்ற அத்தியாவசியப் பொருள்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. புதிய கார்களின் கூடுதல் விலைக்கு அவை தடையாக இருக்கவில்லை.

கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் ஒரு விதியை இறுதி செய்தது. விலைக்கு வரம்பு எதுவும் அதில் இல்லை. முழு விலையையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், பயனற்ற பொருள்களைத் திணிக்கக் கூடாது, எந்தக் கூடுதல் கட்டணத்துக்கும் வாங்குபவரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்பவைதான் அதன் சாரம். டீலர் சங்கம் வழக்குத் தொடுத்தது. விதியை உருவாக்கிய நடைமுறையில் ஆணையம் ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிட்டது என்று கூறி, ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் அதை ரத்து செய்தது. நைட்ரஜன் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் இறக்குமதிக் கார்களுக்கு 25 சதவீத வரி வந்தது; விலை ஏறும் முன் வாங்கிவிட மக்கள் மார்ச் மாதமே முண்டியடித்தார்கள். அக்டோபரில், நெதர்லாந்து அரசுக்கும் சீனாவுக்கும் இடையே நெக்ஸ்பீரியா என்ற சிப் நிறுவனத்தைப் பற்றி எழுந்த தகராறில் சரக்கு நின்று, ஹோண்டா வட அமெரிக்க ஆலைகளில் உற்பத்தியைக் குறைத்தது. இதிலும் சிக்கியது மலிவான பழைய ரகச் சிப்தான்.

அதே அக்டோபரில் கலிஃபோர்னியா, ரத்தான மத்திய விதியின் பெரும்பகுதியைத் தன் மாநிலச் சட்டமாக்கியது. 2026 அக்டோபர் 1 முதல் அங்கே டீலர்கள் முழு விலையை முதலிலேயே சொல்ல வேண்டும், வாங்குபவருக்குப் பயன் தராத பொருளுக்குப் பணம் வாங்கக் கூடாது. ‘மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்’ என்ற வரியை எழுத அங்கும் தடை இல்லை. அந்தத் தொகையை முதலில் சொல்லும் விலைக்குள்ளேயே காட்ட வேண்டும், அவ்வளவுதான்.